அவள் திறந்த வகைகள்

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது தேடிப் பார்த்து அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகு என்னைவிட அவளைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். அந்த வசதியை நான் ஏன் செய்துகொடுக்க வேண்டும்?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஒபிஸ். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். நாங்கள் நடத்தியது மரண அறிவித்தல் இணையத்தளம். சிரிக்க வேண்டாம். எங்கள் ஆட்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் காலையில் தேத்தண்ணி குடிக்க முன்னம் திறந்து பார்ப்பது அதைத்தான். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று ஆரம்பிக்கும் அறிவித்தல் படத்தோடு வரும். அதை ஏற்றி, பக்கத்தில் இருக்கும் வகைகளின் பட்டியலில் அவருடைய ஊருக்கு நேரே உள்ள பெட்டியில் ஒரு டிக் போட்டு வெளியிடுவோம். வாசிக்கிறவர் தன் ஊரின் பெயரை அழுத்தினால் அந்த ஊரின் செத்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து நிற்பார்கள்.

அந்த வகைகளின் பட்டியலைப் போட்டவள் நான். மாவட்டம், அதற்குள் பிரதேசம், அதற்குள் ஊர், சில இடங்களில் குறிச்சி வரைக்கும் இறங்கியிருந்தேன். மூன்று மாதம் உட்கார்ந்து செய்த வேலை. கிளை பிரித்துக் கீறிய பெரிய தாளை என் மேசைக்கு மேல் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். ஒரு அறிவித்தலுக்கு ஒரே ஒரு வகை, அது பிறந்த ஊர் என்பது என் சட்டம். எங்களுடைய முதலாளியை எல்லாரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் யார் வந்தாலும் அந்தத் தாளைக் காட்டி, "இது இவ செய்தது, ஒரு ஊரும் விடுபடேல்ல" என்பார். அதைக் கேட்கும்போது எனக்கு இருந்த பெருமையை மறைக்க நான் முயன்றதே இல்லை.

அவள் வந்த முதல் நாளே அந்தத் தாளுக்கு முன்னால் போய் நின்றாள். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். தகப்பன் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு இறங்கியவர். வெறும் டைப் அடிக்கிற வேலைக்குத்தான் எடுத்திருந்தோம். தாளை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, எங்க ஊரு இதுல எங்க இருக்கு?"

"மலையகம் எண்டு கீழ ஒண்டு இருக்கு, பாரும்."

"அது ஊரு இல்லியேக்கா."

குத்திக் கதைக்கவில்லை. உண்மையிலேயே தேடிக் காணாத ஒருத்தியின் குரல்தான் அது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. அன்றைக்கு எனக்குள் விழுந்தது பொறாமைதான். முதலில் அதன் பெயர் கோபம் என்று நினைத்திருந்தேன்.

அவளுடைய குணம் என்னவென்றால், எதையும் எங்கே வைத்தால் தேடுகிறவன் கை அங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். ஒபிசில் கத்தரிக்கோல் எப்போதும் தொலையும். இரண்டு வருடம் நாங்கள் மேசை லாச்சிக்குள் வைத்தோம், தொலைந்தது. அவள் அதைக் கூரியர் பொதி பிரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் கொழுவினாள். அதற்குப் பிறகு தொலையவில்லை. சேருடைய கண்ணாடியை யாராவது தேடினால் அவள் தன் இடத்தை விட்டு எழும்பாமலே, "பேங்க்கோட கதச்சாருல்ல, அப்ப ஜன்னல்கிட்ட நிப்பாரு, அங்க பாருங்க" என்பாள். அங்கேதான் இருக்கும். இதையெல்லாம் கெட்டித்தனம் என்றுகூட அவள் நினைக்கவில்லை. மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒவ்வொரு அறிவித்தலையும் ஏற்ற முன்னம் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். பிறகு படத்தில் இருப்பவரைப் பார்த்து, "இவங்கள யாரு தேடிக்கிட்டு வருவாங்க?" என்று தனக்குள்ளே கேட்பாள். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

"செத்த ஆளை ஆர் தேடுறது? ஊரைப் பாத்து டிக்கைப் போட்டிட்டு அடுத்ததை எடும்."

"வெக்கிறவங்க வசதிக்கு வெக்கக் கூடாதுக்கா. தேடுறவங்க வசதிக்குத்தான் வெக்கணும்."

இந்த வசனத்தை அவள் நாளுக்கு இரண்டு தரம் சொல்வாள். முதல் மாதம் எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டாம் மாதம், இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது.

அவள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினாள். புதிய வகை திறக்க என்னிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று சேர் சொல்லியிருக்கவில்லை, நானும் அப்படியொரு அதிகாரத்தைக் கேட்டு வாங்கியிருக்கவில்லை. முதலில் தோட்டங்கள் வந்தன, ஒவ்வொரு தோட்டமாக, பெயரோடு. பிறகு படிப்பித்த பாடசாலைகள். பிறகு வேலை செய்த இடம். வெள்ளவத்தை என்ற வகைக்குள் டியூஷன் ஆசிரியர்கள் என்று ஒரு குட்டி வகை. ஒரு மனிதருக்கு ஒரு டிக் என்ற என் சட்டம் போய், மூன்று, நான்கு, சிலருக்கு ஆறு டிக்குகள்கூட விழுந்தன.

நோன்புப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் போன் கோல் ஒன்று வந்தது. நான்தான் எடுத்தேன். வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கும் வயதான முஸ்லிம் ஒருவர்.

"தங்கச்சி, எங்கட கணக்கு மாஸ்டர் மவுத்தாகிட்டார் எண்டு சொல்றாங்க. உங்கட இதுல ஈக்கிதா?"

"பேர் என்ன ஐயா?"

"மாஸ்டர் எண்டுதான் நாங்க சொல்றது."

"எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம் பக்கம். ஊர் தெரியாதும்மா."

பெயரும் இல்லை ஊரும் இல்லை என்றால் என்னத்தைத் தேடுவது? அதைத்தான் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழும்பி வந்து கையை நீட்டினாள். ரிசீவரைக் கொடுத்தேன்.

"நானா, மாஸ்டர நீங்க எங்க பாப்பீங்க?" என்று, முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையிலேயே கேட்டாள்.

அவர் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டினாள். பின்னேரம் டியூஷன் முடிந்து கடைக்கு வந்து பேப்பர் பார்ப்பாராம், இருபது வருடமாக. அவள் என் மேசையிலேயே குனிந்து, என்னுடைய மவுசை எடுத்து, வெள்ளவத்தையை அழுத்தினாள், டியூஷன் ஆசிரியர்களை அழுத்தினாள், அங்கே மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கம் நாளைக்கு மூன்று மணிக்கு, பொரளை கனத்தை மயானத்தில். போனின் அந்தப் பக்கம் கிழவர் அழுத சத்தம் எனக்கும் கேட்டது.

பெருநாளன்று "அந்தப் பிள்ளைக்கு" என்று சொல்லி ஒரு பெரிய வட்டிலாப்பம் வந்தது. அவள் எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தாள், எனக்குத்தான் பெரிய துண்டு. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். வட்டிலாப்பம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் "அந்தப் பிள்ளை" நான் இல்லை.

அதற்குப் பிறகு கோல் எடுத்தால், "அந்தப் பிள்ளை இருக்குதா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்றால், "பரவாயில்லை, பிறகு எடுக்கிறம்" என்று வைத்துவிடுவார்கள். பத்து வருடம் அந்த நாற்காலியில் இருந்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தால் என்ன குறைந்துபோகும்?

நான் செய்த முதல் சின்னத்தனத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலோடு கடற்கரைப் பக்கம் போவாள். அந்த அரை மணித்தியாலத்தில் நான் அவள் ஏற்றிய அறிவித்தல்களைத் திறந்து, கூடுதலாகப் போட்ட டிக்குகளை எடுத்துவிடுவேன். பிறந்த ஊர் ஒன்றை மட்டும் விடுவேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் எல்லா டிக்கும் திரும்ப இருக்கும். திரும்ப எடுப்பேன். திரும்ப வரும். ஒரு வார்த்தை பேசாமல் நாங்கள் இரண்டு பேரும் மூன்று கிழமை அப்படிச் சண்டை பிடித்தோம். இடையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவதை அவள் ஒருநாளும் நிறுத்தவில்லை. கடைசியில் நான்தான் களைத்துப் போனேன்.

அந்த நாட்களில்தான் என் அம்மா ஒருநாள் காலையில் வீட்டில் இல்லை. அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டு வந்த காலம். தம்பி கோயிலுக்கு ஓடினான், சந்தைக்கு ஓடினான், கடற்கரை முழுக்க நடந்தான். எனக்குக் கோல் எடுத்து அழுதான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, அவள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அம்மா முந்தி எங்கக்கா வேலைக்குப் போனாங்க?"

"கோட்டைக்கு. ஏன் இப்ப அது?"

"எதுல போவாங்க?"

அம்மா வெள்ளவத்தை ஸ்டேஷனில் கோட்டைப் பக்கம் போகிற மேடையில், வாங்குப் பலகையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. ரயில் பிந்திவிட்டது என்று தம்பியிடம் குறைப்பட்டாவாம். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நன்றிதான், பொய்யில்லை. ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலும், என்னைப் பெற்றவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியாமல் இவளுக்குத் தெரிந்துவிட்டதே என்று ஒரு முள் குத்தியது. அந்த முள்ளை நான் பிடுங்கவில்லை.

அவளுக்குக் கோல் எடுப்பவர்களில் ஹெந்தளையிலிருந்து ஒரு கிழவர் இருந்தார். அவள் அவரை ஐயா என்பாள், அவர் அவளைப் புள்ள என்பார். இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை. அவர் ஆனைக்கல் என்ற தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு ஒரே ஒரு அக்கா, மட்டக்குளியில் பிள்ளைகளோடு. இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும் ஏதோ ஒரு கல்யாணச் சண்டையில் முறித்துக்கொண்டு, பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா போய்விட்டால் தனக்குச் சொல்லமாட்டார்கள், ஆனால் தளத்தில் போடுவார்கள், ஊருக்குத் தெரிய வேண்டுமே என்று கிழவர் கணக்குப் போட்டிருந்தார். அவள் ஆனைக்கல் தோட்டம் என்று ஒரு வகை திறந்து, அந்தப் பக்கத்தின் லிங்கை எப்படிச் சேமிப்பது என்று அவருடைய மருமகளுக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்தாள். அவர் விடிய எழும்பி அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பார்.

"முகத்தையாவது பாத்துரணும்னு சொல்றாருக்கா" என்று அவள் என்னிடம் சொன்னாள். "வேற ஒண்ணும் கேக்கல."

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

பிறகு சேர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். தளத்தைப் புதிதாக மாற்றப் போகிறாராம். உள்ளடக்கத்துக்கு ஒரு மனேஜர் வேண்டும், உங்கள் இரண்டு பேரில் ஒருவர், அடுத்த மாதம் சொல்கிறேன் என்றார். என்னைப் பார்த்து, "நீங்க பழைய ஆள்" என்றார். அவளைப் பார்த்து, "பிள்ளை செய்யிறது என்னவெண்டு எனக்கு விளங்கேல்ல, ஆனா ஆக்கள் வருகினம்" என்றார். அந்த "ஆனா" எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தப் பதவி எனக்குத்தான் வர வேண்டும் என்று அவ்வளவு வெறியாக வேறொன்றையும் நான் விரும்பியதில்லை, கல்யாணத்தைக்கூட.

அவள் தோட்டத்துத் திருவிழாவுக்கென்று நான்கு நாள் லீவு எடுத்துப் போனாள். இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு, சேர் வங்கிக்குப் போன நேரம், வகைகளின் பக்கத்தைத் திறந்தேன். அவள் திறந்தவை எல்லாவற்றையும் தெரிவு செய்தேன். தோட்டங்கள், பாடசாலைகள், வேலைத்தலங்கள், டியூஷன் ஆசிரியர்கள். நீக்கு என்பதை அழுத்தினேன். வகையை நீக்கினால் அதனுள் இருக்கும் பதிவுகள் அழியமாட்டா என்று சிஸ்டமே எழுதிக் காட்டியது. அதை அப்படியே என் மனச்சாட்சிக்கும் சொல்லிக்கொண்டேன். மாற்றத்துக்கு முன்னம் கொஞ்சம் துப்புரவு செய்கிறேன், வேறென்ன?

பதிவுகள் அழியவில்லைதான். என் பட்டியலில் ஊர் உள்ளவர்கள் தங்கள் ஊரிலேயே இருந்தார்கள். தோட்டத்துப் பெயர் தவிர வேறொரு டிக்கும் இல்லாதவர்கள் எல்லாரும் போய், வகைப்படுத்தாதவை என்ற ஒரே மூட்டைக்குள் விழுந்துவிட்டார்கள். அதை யாரும் திறப்பதில்லை.

அடுத்த நாள் மட்டக்குளியிலிருந்து ஒரு அறிவித்தல் வந்தது. "ஆனைக்கல் தோட்டத்தைப் பிறப்பிடமாகவும் மட்டக்குளியை வசிப்பிடமாகவும் கொண்ட." நான்தான் ஏற்றினேன். பழக்கத்தில் ஆனைக்கல் என்று தேடினேன், இல்லை. நானே அழித்ததுதானே. மலையகம் என்பதில் ஒரு டிக் போட்டு வெளியிட்டேன். அப்போது ஹெந்தளைக் கிழவரின் ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆராவது சொல்லுவினம்தானே என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

ஒருவரும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் கிழவர் கோல் எடுத்தார். அவள் அன்று காலையில்தான் லீவு முடிந்து வந்து பையை மேசையில் வைத்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டபடியால் எனக்கும் கேட்டது.

"புள்ள, எங்கக்கா போயிருச்சாம். சந்தையில ஒருத்தன் சொன்னான். பொதச்சிட்டாங்களாம்."

"ஐயா, நம்ம பக்கத்தப் பாக்கலியா நீங்க?"

"பாத்தேன் புள்ள, மூணு நாளும் விடிய பாத்தேன். இங்கே எதுவும் இல்லைன்னு பெருசா எழுதியிருந்திச்சு. எதுவும் இல்லன்னா நல்லதுதானேன்னு நெனச்சிக்கிட்டேன். மருமவக்கிட்டகூடச் சொன்னேன், நம்ம தோட்டத்துல ஒருத்தரும் சாகலன்னு."

நீக்கிய பக்கத்தை யாராவது திறந்தால் எங்கள் தளம் அந்த வசனத்தைத்தான் காட்டும். நான்தான் அந்த வசனத்தையும் எழுதியவள்.

அவள் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, கிழவர் சொல்வதை முழுக்கக் கேட்டாள். பிறகு வகைகளின் பக்கத்தைத் திறந்தாள். நீண்ட நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

நீக்கிய வகைகள் திரும்பி வராது. கையால்தான் திறக்க வேண்டும், ஒவ்வொரு அறிவித்தலாக எடுத்துத் திரும்ப டிக் போட வேண்டும். அவள் அதை இரண்டு கிழமை செய்தாள். லிங்கை மட்டும் ஒரு எழுத்தும் மாறாமல் பழையபடியே வைத்தாள், ஆட்கள் போனில் சேமித்து வைத்திருப்பார்கள் என்று. என்ன நடந்தது என்று சேர் கேட்டதற்கு, "சிஸ்டத்துல ஏதோ போயிருச்சு சேர், சரி பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றாள். அந்த இரண்டு கிழமையும் அவள் புதிதாக ஒன்றும் ஏற்றவில்லை. எல்லாவற்றையும் நான் ஏற்றினேன், பிந்தாமல், பிழை விடாமல். மாத முடிவில் சேர் என்னைக் கூப்பிட்டு, ஒழுங்காகச் செய்வது நீங்கள்தான் என்று சொல்லி மனேஜர் ஆக்கினார். எல்லாருக்கும் கேக் வெட்டினோம். முதல் துண்டை அவள்தான் எனக்கு ஊட்டினாள்.

நான்கு மாதத்தில் அவள் போய்விட்டாள். ஒரு சுப்பர் மார்க்கட் தன் ஒன்லைன் கடைக்குக் கூட்டிக்கொண்டது. இப்போது அந்தக் கடையைத் திறந்தால், ஆடி அமாவாசை விரதத்துக்கு என்ன வேண்டுமோ அது ஒரு பக்கம், சின்னப் பிள்ளையின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு வேண்டியது இன்னொரு பக்கம். வேண்டாம் வேண்டாம் என்று நானும் அங்கேதான் வாங்குகிறேன், ஏனென்றால் தேடியது கிடைக்கிறது.

அவளுடைய கடைசி நாளில், படியில் இறங்கும்போது நான் பின்னால் போய்ச் சொன்னேன். தையல் மெஷின்களின் சத்தம். அதனால்தான் சொல்ல முடிந்தது.

"நீர் திறந்த வகையள் எல்லாத்தையும் அழிச்சது நான்தான்."

"தெரியும்க்கா. யாரு எத அழிச்சாங்கன்னு சிஸ்டம் எழுதி வெக்கிது. அன்னிக்கே பாத்தேன், உங்க பேரு இருந்திச்சு."

"பிறகு ஏன் சேரிட்டைச் சொல்லேல்ல?"

"சொன்னா உங்கள நிப்பாட்டிட்டு அந்த வேலைய எனக்குக் குடுப்பாரு." பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "எனக்கு அந்த வேல வேணாம்க்கா. எப்பவும் வேணாம். உங்களுக்குத்தான் அது வேணும்னு இருந்திச்சு."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காவல் காத்த நாற்காலியை அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள் பிறகு. "ஐயாகிட்டதான் சொல்லணும்." ஒரு துண்டுத் தாளில் ஹெந்தளை நம்பரை எழுதித் தந்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வேகமாக நடந்தாள்.

நான் அந்த நம்பரை ஐந்து மாதம் வைத்திருந்தேன். போன கிழமை ஒருநாள் பின்னேரம், ஒபிசில் ஒருவரும் இல்லாத நேரம் அழுத்தினேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்திருந்தேன். நான் இன்னார், நான் செய்தது இது, உங்கள் அக்காவின் முகத்தை நீங்கள் பார்க்காமல் போனது என்னால்தான். மூன்று வரிதான்.

கிழவரே எடுத்தார்.

"ஐயா, நான் வெள்ளவத்தை ஒபிஸ்ல இருந்து."

"அட, புள்ளயா." அந்த ஒரு சொல்லில் அவர் குரல் அப்படியே மலர்ந்துவிட்டது. "எத்தன மாசமாச்சு உங்க சத்தத்தக் கேட்டு. நான் என்னமோ கோவிச்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கி நான் அழுதுட்டேன்ல, உங்கமேல பிழ சொன்ன மாதிரி ஆயிருச்சோன்னு."

"இல்ல ஐயா."

"நீங்க சொல்லி நான் முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் போனேன் புள்ள. உள்ள விட மாட்டாங்கன்னுதான் நெனச்சேன். அக்கா மவ வந்து கையப் புடிச்சு உக்கார வெச்சா. படத்துக்குக் கிட்ட. இப்ப ஞாயித்துக்கிழமைல வந்து பாத்துட்டுப் போறா. உங்களாலதான். என் சொந்தப் புள்ளங்ககூட அப்படிச் செய்யல."

மேசையில் என் தாள் இருந்தது. முதல் வரியில் என் பெயர் இருந்தது. இவ்வளவு அன்போடு என்னிடம் யாரும் பேசிப் பல காலம் ஆகியிருந்தது, ஒபிசில் இல்லை, வீட்டிலும் இல்லை. அந்தக் குரல் எவளுக்கென்று எனக்குத் தெரியும். எனக்கில்லை என்பது ஒவ்வொரு சொல்லிலும் தெரிந்தது.

"சத்தம் என்னமோ மாறியிருக்கே. நீங்கதானே புள்ள?"

அவள் பேசுவதை நான் இரண்டு வருடம் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டவள்.

"ஆமாங்கய்யா, நான்தான்" என்றேன்.

"தடிமனா, சளி புடிச்சிருக்கா?"

"ஆமாங்க."

"கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க" என்றார். "ஒடம்பப் பாத்துக்கங்க புள்ள."

சரிங்க என்று சொன்னேன்.